ஒடீலின் விமானமும் டூகாவின் அடுப்பும்

எங்கள் ஓடுபாதையில் ஒடீல் மான்சோவிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. நான் வாங்கியிருக்கிறேன். பாதிரியார் வாங்கியிருக்கிறார். அவள் விமானத்தின் இறக்கைமேல் காப்பிக் கோப்பையை வைத்த அரசாங்கப் பரிசோதகர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வசந்தத்தில் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவள் கோபப்பட்டது போதாது என்பதுதான் என் கட்சி.

பகலில் அவளுக்கு அரிசி ஆலையில் வெல்டிங் வேலை. சாயங்காலம் ஆனால் என் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் விமானம் கட்டுவாள். நான் லாஸ்டி, வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானங்களின் மெக்கானிக். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவள் எந்த போல்ட்டைத் திட்டுகிறாள், எந்த மனுஷனைத் திட்டுகிறாள் என்பது எனக்கு அத்துப்படி. மகள் பள்ளிக்கூடம் போகும்போது அந்த விமானத்தைத் தொடங்கினாள். முடிக்கும்போது மகளுக்கே ஒரு பிள்ளை பிறந்துவிட்டது.

அதில் அவள் வைத்தது கார் எஞ்சின். அதுவும் ரோட்டரி வகை. பிஸ்டன் கிடையாது, கூட்டுக்குள் ஒரு இரும்பு முக்கோணம் சுழலும். மற்றவர்கள் எல்லாம் தொழிற்சாலையில் செய்த விமான எஞ்சின் வைத்திருந்தார்கள். அதனால் கேலிக்குக் குறைவில்லை. முக்கோணமான சோள சிப்ஸ் பாக்கெட்டை அவள் இறக்கையில் வைத்துவிட்டு, "மிஸ் ஒடீல், உங்க எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வந்திருக்கு" என்பார்கள். அவள் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டே அவர்களுடைய பரம்பரையைத் திட்டுவாள்.

கேலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விமானம் கட்டுகிற எங்கள் சங்கத்தின் தலைவர் வில்ஃப்ரட் டூகா இருக்கிறாரே, அவருக்கு அது கௌரவப் பிரச்சினை. "கார்ல இருந்த எஞ்சின் வானத்துல எதுக்கு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பார். வாழ்நாள் முழுக்கக் கார் விற்றுச் சாப்பிட்ட மனிதர் இப்படிக் கேட்கிறார்! நான் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த எஞ்சின் ஓடுவதில் கஷ்டம் இல்லை, அதைக் குளிர வைப்பதில்தான் உயிர் போகும். காரில் ரேடியேட்டர் முன்னால் இருக்கும். எஞ்சினின் தண்ணீர்க் கழுத்து அதைப் பார்த்து வளைந்திருக்கும். விமானத்தில் அந்த இடத்தில் புரொப்பல்லர் சுற்றுகிறது. ஒடீல் அந்தக் கழுத்தை ரம்பத்தால் அறுத்துத் தூர எறிந்தாள். அறுத்த இடத்தில் ஒரு அலுமினியத் தட்டு. தட்டில் புதுக் குழாய். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உருவிக்கொண்டு போகாமல் இருக்கக் குழாய் வாயைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு. ரேடியேட்டருக்குக் காயலான் கடையில் கிடந்த கார் ஏ.சி. பெட்டிகள் இரண்டு. எஞ்சின் உச்சியில் சேரும் காற்று வெளியே போக, அங்கிருந்து மேல் டாங்கிக்குச் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய். அவளைக் கொல்லப் பார்த்தது இந்தச் சின்னக் குழாய்தான்.

அந்தக் குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்து, ஃபிட்டிங்கின் கூம்பு மேல் உட்காரவைத்து, நட்டைப் போட்டு முறுக்க வேண்டும். விமானச் சாமானில் கூம்பின் சரிவு முப்பத்தேழு டிகிரி. கார், கேஸ் அடுப்பு வகையில் நாற்பத்தைந்து. அந்த அளவில் மரை இரண்டுக்கும் ஒன்றேதான். ஒன்றை மற்றதில் போட்டால் சமர்த்தாக ஏறும், இறுகும். ஆனால் முழுசாகப் பதியாது, ஒரே கோட்டில் தொட்டுக்கொண்டு நிற்கும். முதல் நாளே ஒழுகினாலாவது தெரிந்துவிடும். ஒழுகாது. அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் முறியும். கார் மெக்கானிக்கோ, பெரிய விமானங்களின் மெக்கானிக்கோ இந்தத் தவறைச் செய்ய வழியில்லை. இரண்டு சாமானும் ஒரே மேசையில் கிடப்பது வீட்டில் விமானம் கட்டுகிற எங்கள் கூட்டத்தில்தான்.

ஒடீலுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எதையும் சரிவு பார்க்காமல் போட மாட்டாள். ஒருவனுடைய சாமானைத் தவிர.

அவன் ஆல்சே. எங்கள் ஓடுபாதையில் முதலில் விமானம் கட்டியவன். ஒடீல் குரலை உயர்த்தாமல் பேசிய ஒரே மனுஷன். முந்தைய இலையுதிர் காலத்தில் இதயம் நின்று செத்துப் போனான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் செத்தாலும் சரி, கட்டுவதை விட்டாலும் சரி, அவனுடைய நட்டு, போல்ட், ஃபிட்டிங் எல்லாவற்றையும் சங்கக் கொட்டகையில் இருக்கும் பெரிய தகர டின்னில் கொட்டிவிடுவோம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கிறவன் சாமானுக்குரியவன் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விலை.

குளிர் காலத்தில் ஒடீல் அந்த டின்னில் கையை விட்டாள். மேலாக ஆல்சேயின் சாமான்கள் கிடந்தன. நடுவில் ஒரு பித்தளை ஃபிட்டிங். "எஞ்சின் பக்கம் பித்தளைதான் தாங்கும்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவள் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். "நன்றி, ஆல்சே" என்றாள். கொண்டுபோய் மாட்டிவிட்டாள். சரிவு பார்க்கவில்லை.

சில முறை ஓடுபாதையைச் சுற்றிப் பறந்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை கொஞ்சம் தூரமாகப் போனாள். திரும்பும்போது சூட்டு மீட்டரின் முள் மெதுவாக இறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். குளிர்ந்துவிட்டது என்று நினைப்பு. அந்த மீட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீரே வெளியே போய்விட்டால் வெறும் ஆவியில் நின்றுகொண்டு பொய் சொல்லும். தண்ணீரில் கலந்திருந்த கூலன்ட்டின் தித்திப்பு வாடை மூக்கில் ஏறி, முன் கண்ணாடியில் பிசுபிசுவென்று அடித்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

இந்த இடத்தை எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த எஞ்சின் நிற்கவில்லை. சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உள்ளே வெந்துகொண்டு, பலம் குறைந்து குறைந்து அவளை இழுத்துக்கொண்டு வந்தது. நெடுஞ்சாலையைத் தாண்டியது. மின்கம்பிகளைத் தாண்டியது. ஓடுபாதைக்கு ஒரு வயல் முன்னால், பக்கத்து வயல்காரன் ஓவி தண்ணீர் கட்டி, நண்டு மாதிரி கொடுக்கு வைத்துத் தரையிலும் நடக்கிற நன்னீர் இறால் வளர்க்கும் வயலில் போய் விழுந்தது. முன் சக்கரம் ஒடிந்தது, புரொப்பல்லர் போயிற்று. அவள் முழுசாக எழுந்து நின்றாள்.

நான் கயிறோடு ஓடினேன். எனக்கு முன்னால் ஓவி கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"என் இறால் கூண்டெல்லாம் போச்சே! கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"கண்ணாடி பூரா கூலன்ட் அப்பியிருக்கு, கண்ணு எங்கய்யா தெரியும்?" முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒடீல் கத்தினாள். "மொதல்ல லாஸ்டிகிட்ட கயித்த வாங்கிப் போடு. அப்புறம் நிதானமா ஒப்பாரி வை!"

அதற்குள் டூகா ஜீப்பில் வந்து இறங்கினார். சேற்றில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்பாரா? "நான் அப்பவே சொன்னேன்" என்றார். முதல் வார்த்தையே அதுதான். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் காலைப் பலகாரத்துக்குள் ஓடுபாதை முழுக்கத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கார் எஞ்சின் கவிழ்த்துவிட்டது. யாரும் எஞ்சின் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பெரிய வெள்ளியன்று சங்கத்தார் எல்லோரும் கூடி இறால் வேகவைத்துத் தின்போம். அங்கே கை தூக்கி முடிவு செய்வதாக டூகா அறிவித்தார். கார் எஞ்சின் வைத்த விமானம் இனி எங்கள் ஓடுபாதையில் இருக்கக் கூடாது. அதாவது ஒடீல் இருக்கக் கூடாது. அவளுக்கு வேறு ஓடுபாதை இல்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒன்றிரண்டும் கார் எஞ்சின் என்றதும் கதவைச் சாத்திவிட்டன. தடை வந்தால், மகளின் பள்ளிக்கூட நாட்களிலிருந்து கட்டிய விமானம் காயலான் கடைக்குத்தான்.

எஞ்சினைப் பிரித்த அன்று தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். குழாயின் விரித்த வாய் வளையமாக முறிந்து அவள் உள்ளங்கையில் கிடந்தது. பித்தளைக் கூம்பில் ஒரே ஒரு கோடு தேய்ந்திருந்தது.

"நாப்பத்தஞ்சு" என்றாள்.

"யாரோடது?"

"டின்ல எடுத்தேன். ஆல்சே சாமானோட கெடந்துச்சு."

"ஆல்சே நாப்பத்தஞ்ச வீட்டுக்குள்ளயே விட மாட்டானே."

"அதத்தான்டா நானும் யோசிக்கிறேன். போ, பக்கத்துல நிக்காத. எதையாவது தூக்கி அடிச்சிருவேன்."

அடுத்த நாள் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். வெள்ளையடித்த ஆல்சேயின் கல்லறை முன் நின்று, அடக்கத்துக்கு வந்திருந்த வேறு குடும்பம் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறாள். "நீயாடா? நீ எனக்கு இதச் செய்வியா? ஒன் பேரச் சொல்லித்தானே எடுத்தேன்!" வாழ்நாளில் அவனைத் திட்டாததையெல்லாம் அன்றைக்குச் சேர்த்துத் திட்டினாளாம். இது ஊருக்குத் தெரிந்ததும் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். எனக்கோ, செத்தவனிடம்கூட நேரில் போய்க் கேட்கிறவள் என்று மரியாதைதான் கூடியது.

பெரிய வெள்ளி வந்தது. கொட்டகை முன்னால் டூகாவின் அடுப்பு. அவரே வெல்டு செய்த பெரிய கேஸ் அடுப்பு அது, மேலே பீப்பாய் அளவு பானை. பெண்கள் மேசையில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் உயிரோடிருந்த இறால்களை அடுப்பைச் சுற்றி ஓடவிட்டு விளையாடின. ஒடீல் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பித்தளைத் துண்டு அவள் சட்டைப் பையில் இருந்தது. அதைக் காட்டித் தன் தவறை ஒத்துக்கொள்வதாகவும், தடையை எஞ்சினுக்குப் போடாமல் தனக்குப் போடச் சொல்வதாகவும் என்னிடம் சொல்லியிருந்தாள். தோற்கத் தயாராக வந்திருந்தாள்.

டூகா எழுந்தார். "எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட கோபம் இல்ல. நம்ம பாதுகாப்புதான் எனக்கு முக்கியம். கார் சாமான் கார்ல இருக்கணும், விமானச் சாமான் விமானத்துல இருக்கணும்..."

அடுப்பு புஸ்ஸென்று சீறி அணைந்தது. ஒருவன் ஓடிப் போய்ப் பற்றவைத்தான். கேஸ் வாடை எங்கள் பக்கம் வரை அடித்தது.

"சனியன் புடிச்ச அடுப்பு" என்று டூகாவின் மனைவி முணுமுணுத்தாள். "போன வருஷம்வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இவரு என்னமோ நல்ல சாமான் போட்டேன்னாரு, அதுலேருந்து இப்படித்தான்."

ஒடீல் எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்க் கேஸை மூடினாள்.

"ஏய், தண்ணி இப்பத்தான் கொதி வருது!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"வாய மூடு. லாஸ்டி, ஸ்பேனர்!"

நான் கொடுத்தேன். அடுப்பின் செப்புக் குழாயும் கேஸ் குழாயும் சேரும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு ஃபிட்டிங் பளபளத்தது. அலுமினியம். விமானச் சாமான், முப்பத்தேழு டிகிரி. அவள் அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஆல்சே தன் அலுமினியச் சாமானில் மட்டும் ஆணியால் ஒரு சின்னச் சிலுவை கீறி வைப்பான். இதிலும் இருந்தது.

"டூகா, இது எங்க எடுத்த?"

டூகா நெஞ்சை நிமிர்த்தினார். அவருக்கு இன்னும் புரியவில்லை. "டின்லதான். விமானத் தரம்! அடுப்புக்குக்கூட நான் மட்டமானது போட மாட்டேன்."

"இதுல இருந்த பழசு?"

"பித்தளைதானே. நல்லாத்தான் இருந்துச்சு, யாருக்காவது ஆகட்டும்னு டின்ல போட்டேன்..." கடைசி வார்த்தை பாதியில் நின்றது.

ஒடீல் பையிலிருந்து பித்தளையை எடுத்து அடுப்பில் மாட்டினாள். ஒரு முறுக்கு. பாத்திரம் கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரை அள்ளி மூட்டின் மேல் ஊற்றிவிட்டுக் கேஸைத் திறந்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. பற்றவைத்தாள். அடுப்பு சத்தமில்லாமல் நீலமாக எரிந்தது. வருஷப் பிறப்பிலிருந்து அதன் சீறலைக் கேட்டுக்கொண்டே இறால் தின்ற நாங்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி வந்து நின்றோம்.

பிறகு அவள் பேசினாள். அப்படி ஒரு கோபத்தை நான் அவளிடமும் பார்த்ததில்லை.

"சரிவு பாக்காம போட்டேன். என் தப்பு, நான் ஒத்துக்கிறேன். ஆனா நான் விழும்போது என் பக்கத்துல யாரும் இல்ல டூகா, நான் மட்டும்தான் இருந்தேன். நீ அதே தப்பப் பண்ணிட்டு, ஒழுகுற கேஸச் சுத்திப் பிள்ளைங்கள வெளையாட விட்டிருக்க! கார் சாமான் கார்ல இருக்கணுமா? மொதல்ல ஒன் அடுப்புச் சாமான ஒன் அடுப்புல வச்சிக்க. சொட்டுத் தண்ணியில்லாம என்ன ஊர் வரைக்கும் கொண்டாந்து சேத்துச்சு அந்த எஞ்சின். நீங்க எல்லாரும் சேந்து அது மேல பழியப் போட்டீங்க. நானோ, செத்துப்போனவன் மேல போட்டேன். இப்பத் தூக்குங்கய்யா கைய! யாரு தூக்குறான்னு நான் பாக்குறேன்!"

ஒரு கையும் எழவில்லை. டூகாவின் மனைவி தன் சின்னப் பேரனை அடுப்புப் பக்கத்திலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டூகா உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. இறால் வெந்தது, காகிதத்தில் கொட்டினார்கள், வெட்கம் கெட்டுத் தின்றோம். ஒடீல் தின்னவில்லை. நீல ஃபிட்டிங்கைப் பையில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வண்டியை விட்டாள்.

"அவன்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "வேற எவன்கிட்டயும் கேக்க மாட்டேன்."

எஞ்சினைத் திரும்பக் கட்டி, சக்கரம் மாற்றி, புது புரொப்பல்லர் போடுவதற்குள் நெல் அறுவடையே முடிந்துவிட்டது. அந்தச் சின்னக் குழாயில் இப்போது ஆல்சேயின் நீல ஃபிட்டிங். சரிவு பார்த்துத்தான் போட்டாள். டின்னையும் அவள் சும்மா விடவில்லை. தரையில் கவிழ்த்துக் கொட்டி, நாற்பத்தைந்தையெல்லாம் பொறுக்கி ஓவியின் தண்ணீரில் எறிந்தாள். அதற்கு ஓவி தனியாகக் கத்தினான்.

மறுபடி முதல் முறை பறக்கிற நாளில், தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடுபாதை ஓரம் வந்து நிற்பது எங்கள் வழக்கம். டூகாவும் வந்தார். உருளையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

ஒடீல் எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடேற்றினாள். நிறுத்தினாள். இறங்கி மூடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"டூகா! இங்க வா."

அவர் வந்தார்.

"அந்த நீல மூட்டச் சுத்தி வெரல வச்சுத் தடவு."

"சூடா இருக்குமே ஒடீல்."

"இருக்கும். தடவு."

அவர் விரலை வைத்தார். முகம் சுளித்தது. ஆனாலும் விரலை எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு விரலைப் பார்த்தார்.

"என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. காஞ்சிருக்கு."

"எனக்குக் கேக்கல. அங்க நிக்கிறவங்களுக்கும் கேக்கல."

டூகா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். சிவந்த விரலை மறுகையால் பொத்திக்கொண்டு, "காஞ்சிருக்கு!" என்று கத்தினார்.

ஒடீல் மூடியை மாட்டினாள். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, யாருக்கும் கையசைக்காமல் பறந்து போனாள்.